நேர்ந்துவிட்ட பங்கு

அத்தியாயம் 11

போன வாரம் செண்பகராஜ் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தோம்.

"அப்பா செத்துட்டாவம்மா!"

ஒன்பது மாதமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. 'அவிய போனதுக்கப்புறம்' என்பார்கள். 'அவிய இருந்தப்ப' என்பார்கள். பச்சையாகப் போட்டு உடைத்தது பெற்ற மகன்தான். உடைத்த கையோடு அவன் தீவனக் கடைக்குப் போய்விட்டான். ராத்திரி அம்மா உமாதேவியும் சாப்பிடவில்லை, பிள்ளையும் சாப்பிடவில்லை. வடித்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை.

விடிந்தால் செவ்வாய்க்கிழமை. உமாதேவி வீட்டில் சண்டை என்பதற்காகப் பங்குச் சந்தை லீவு விடுமா? ஒன்பதேகால் ஆனதும் பீரோவுக்குள் மணி அடித்தது.

கணீர், கணீர் என்று ஆட்டு மணி.

இந்தக் கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்கள் பயப்பட வேண்டாம். கோவில்பட்டி பசுவந்தனை ரோட்டுப் பக்கத்து வீட்டுப் பீரோவில் யாரும் ஆடு வளர்க்கவில்லை. உள்ளே இருப்பது உமாதேவியின் புருஷன் ஜெயகிருஷ்ணனின் போன். ஆட்டுக் கிடையை விற்ற அன்றைக்கு, முன்னால் நடக்கும் கிடாவின் கழுத்து மணியை அவர் போனில் பிடித்து வைத்துக்கொண்டார். பங்கின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த மணி அடிக்கிற மாதிரி வைத்திருந்தார். கிடா கறியாகிப் போனது. மணி வாங்கியவனோடு போனது. பிடித்து வைத்தவரும் மார்கழியில் போய்விட்டார். சத்தம் மட்டும் இன்னும் வீட்டைச் சுற்றி வருகிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது இதைத்தான்.

உமாதேவி ஈரத் தலையோடு வந்து பீரோவைத் திறந்தாள். அவர் சட்டைகளில் எப்போதும் இருந்த புண்ணாக்கு வாசம் இன்னும் அடித்தது. போன் சார்ஜில் கிடந்து சூடாக இருந்தது. அந்தச் சூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பது அவளுக்குப் பழக்கம். ஆளின் கன்னம் மாதிரியே இருக்கும். அப்படி நினைக்கிறபோது அவளுக்கே பயமாகவும் இருக்கும், எடுக்கவும் மனசு வராது.

திறந்து பார்த்தாள். சிவப்பு.

அவளுக்குப் பங்குச் சந்தையைப் பற்றித் தெரிந்தது ஒரு எண்ணும் இரண்டு நிறமும்தான். பச்சை என்றால் ஏறுகிறது, சிவப்பு என்றால் இறங்குகிறது. ஆடியில் ஆயிரத்து நூறைத் தொட்ட எண் ஆவணியில் சிவந்து, புரட்டாசி வெயிலில் இன்னும் சிவந்து, இப்போது அறுநூற்றுப் பதினெட்டில் நின்றது.

ஜெயகிருஷ்ணன் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. தகப்பனுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே கிடையாக வைத்திருந்தார்கள். அதாவது தம்பி இசக்கிராஜா வெயிலில் மேய்த்தான். அண்ணன் கோவில்பட்டியில் கடை போட்டுப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றார். மேய்ச்சல் காடெல்லாம் கைமாறிப் போனதும் கிடையை விற்றார்கள். வந்த பணத்தை, தம்பிக்கு உரியதையும் சேர்த்து, அண்ணன் தன் பெயரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் பங்குகளாக வாங்கிப் போட்டார். தம்பி ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடுகிற தம்பிகள் கரிசல்காட்டில் இன்னும் ஒன்றிரண்டு பேர் உண்டு.

"உமா, இது நேர்ந்துவிட்ட கிடா, பாத்துக்கோ" என்றார் அன்றைக்கு. "இது பெருத்து வாரதுல மறுபடி ஒரு கிடை வாங்கணும். அதுல முதல் கிடா அம்மனுக்கு. அதுவரைக்கும் எவன் கேட்டாலும் கைவைக்கக் கூடாது. அது சிலுப்புதப்ப நான் சொல்லுதேன், அப்பத்தான் விக்கணும்."

ஆட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு விலை கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. கோயில் கொடை அன்றைக்கு அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்து நிற்பார்கள். கிடா தானாக உடம்பைச் சிலுப்பினால்தான் அம்மனுக்குச் சம்மதம் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் எத்தனை பெரிய மனுஷன் வந்து நின்றாலும் அரிவாள் இறங்காது.

மார்கழியில் நெஞ்சுவலி என்று அவரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கடைசி நாள் காலையில், "கருப்பட்டிக் காப்பி வாங்கிட்டு வாரியா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சீனிக் காப்பிதான் கிடைத்தது. உமாதேவி இரண்டு தெரு தள்ளிப் போய்த் தேடி வாங்கி வந்தாள். அவள் வந்து நின்றதும் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. திறந்த வாய் மூடவும் இல்லை.

அந்தத் திறந்த வாய்தான் ஒன்பது மாதமாக அவளைத் துரத்துகிறது. அடுப்புக்கு முன்னால், குழாயடியில், கண்ணை மூடினால் இமைக்குள், எங்கேயும் அந்த வாய். சொல்ல வந்தது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எப்போது விற்க வேண்டும் என்றுதான். 'நான் சொல்லுதேன்' என்று வாக்குக் கொடுத்த மனுஷன், வாக்கைக் காப்பாற்றத்தான் வாயெடுத்தார். பாதியில் நின்ற பேச்சு எப்படியும் வந்து சேரும். அதுவரைக்கும் போனை அணையவிடக் கூடாது.

கதவு தட்டப்பட்டது. செண்பகராஜ் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றான்.

"நேத்து சொன்னது தப்பும்மா."

"எது தப்பு?"

"சொன்ன விதம்."

"சொன்ன சேதி?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். இருபத்து நாலு வயசுக்கு அவன் முகம் ரொம்பக் களைத்திருந்தது. அம்மா கையில் இருந்த போனை எட்டிப் பார்த்தான், பறிக்கவில்லை.

"இன்னும் இறங்கும்மா. கம்பெனிக்கு இந்தத் தடவை லாபம் பாதியாக் கொறஞ்சு போச்சு. ஆடியிலேயே வித்திருக்கணும்."

"ஆடியில நீ என்னல சொன்னே? இன்னும் ரெண்டாயிரத்துக்குப் போகும், கடை முதலையும் எடுத்துப் போடுவோம்னுல்லா சொன்னே?"

செண்பகராஜ் தலையைச் சொறிந்தான். அந்த வியாபாரமே அப்படித்தான். விற்றபின் ஏறினால் அவசரக்குடுக்கை, விற்காமல் இறங்கினால் பேராசை பிடித்தவன். நல்ல பெயரோடு வெளியே வந்தவனை நாம் இன்னும் பார்க்கவில்லை.

"சரி, வெலையை விடும்மா. முறைப்படி செய்வோம்" என்றான். "அப்பா இல்லைன்னு அந்தப் புரோக்கர் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தா பங்கெல்லாம் உன் பேருக்கு மாத்திருவாங்க. அப்புறம் உன் இஷ்டம். அவிய கணக்குல நாம இப்படிக் கமுக்கமா உக்காந்திருக்கதே தப்பு."

"எழுதிக் குடுத்தா இந்த போன்ல என்ன வரும்?"

"கணக்கை முடக்கிருவாங்க. ஒண்ணும் வராது."

"மணி?"

"மணியும் அடிக்காது."

"அப்போ வேண்டாம்."

முடிந்தது பேச்சு. அவள் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற தாயிடம் மகன் என்ன செய்வான்? அவன் உள்ளே போய்ப் பழைய சோற்றைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பட்டினியாவது தீரட்டும்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். இசக்கிராஜா வந்தான். ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சோலார் நிலையத்தில் அவனுக்கு ராத்திரிக் காவல். காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல் நேரே வந்திருந்தான். வழக்கமாக மதினி காப்பி கொடுக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாத ஆள். அன்றைக்குப் படியேறும்போதே பேச்சு வந்தது.

"மதினி, விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு ஒருத்தர் கிடையைக் குடுக்காரு. மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டுட்டான். அறுபது உருப்படி, குட்டி தனி. நல்ல ஆடு. நானே போய்ப் பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு வாரேன்."

"நல்லதுதான தம்பி."

"சாயங்காலத்துக்குள்ள அச்சாரம் குடுக்கணும். இல்லாட்டி எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிருவேன்னு சொல்லிட்டாரு. சந்தைக்குப் போனா அம்புட்டும் கறிக்குத்தான்."

உமாதேவியின் முந்தானைக்குள் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. இசக்கிராஜா அந்தச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினான். அவன் கையால் அந்தக் கிடாவின் கழுத்தில் கட்டிய மணி அது.

"நான் இதுவரைக்கும் கேட்டதில்ல மதினி" என்றான் மெதுவாக. "ராத்திரி பூரா கண்ணாடிப் பலகையைக் காவக் காக்கேன். நான் ஆடு மேச்ச காடு அது. பலகைக்கு அடியில புல்லு மொளச்சு முட்டிங்கால் ஒசரத்துக்குக் கெடக்கு. கடிக்க ஒரு வாயில்ல. விடியக்காலம் ஆனா எனக்கு ஆட்டுச் சத்தம் கேக்கு. எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல. இப்படியே போனா எனக்குப் புத்தி பேதலிச்சுரும்."

இந்த வீட்டில் சத்தம் கேட்கிறவள் தான் ஒருத்திதான் என்று உமாதேவி நினைத்திருந்தாள்.

"நான் மாட்டேன்னா சொல்லுதேன் தம்பி? அவிய சொல்லட்டும்னுதான் சொல்லுதேன்."

"அவிய எப்ப மதினி சொல்லப் போறாவ?"

உள்ளே செண்பகராஜ் சோற்றில் கைவைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இசக்கிராஜாவுக்கு அண்ணன்மேல் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. "நேர்ந்துவிட்ட கிடான்னுதான சொன்னாவ? அப்ப அதுக்கு உண்டானதைச் செய்வோம். மஞ்சத் தண்ணியைத் தெளிச்சுப் பாப்போம். சிலுப்பட்டும், இல்ல சிலுப்பாமக் கெடக்கட்டும். எனக்கு ஒரு முடிவு தெரியணும்."

ஆற்றாமையில், குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் உமாதேவி அவனையே பார்த்தாள். ஒன்பது மாதமாகத் தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. விறுவிறுவென்று எழுந்து போய்ப் பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்துக் கழுவினாள். செம்பில் தண்ணீர் எடுத்து மஞ்சளைக் கரைத்தாள். அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, தாம்பாளத்தைக் கீழே வைத்து, நடுவில் போனை வைத்தாள்.

செண்பகராஜ் எச்சில் கையோடு ஓடி வந்தான். "எம்மா! உள்ள தண்ணி போயிரும்மா! அம்புட்டும் போயிரும்!"

"ஆட்டுக்குள்ளயாலே தண்ணி போவுது? தெளிக்கத்தான் செய்யுதேன். கையைக் கழுவிட்டு வந்து தள்ளி நில்லு."

"சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க. கேலிக்குத்தான சொன்னீங்க?"

சித்தப்பா செருப்பைக் கழற்றி வாசலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்து, தாம்பாளத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கேலிக்குச் சொன்னவன் மாதிரி தெரியவில்லை.

உமாதேவி வேப்பங்கொத்தால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டுத் தெளித்தாள். "நீரு சொல்லலைன்னா அவ சொல்லட்டும்" என்றாள். புருஷனிடம் பேசுகிறாளா, அம்மனிடம் பேசுகிறாளா என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை.

காத்திருந்தார்கள்.

கிடாவுக்கு முன்னால் நிற்கும்போது பேசக் கூடாது, தொடக் கூடாது. அதுதான் முறை. வெளியே தெருவில் தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஒன்று ஆரனை அடித்துக்கொண்டு போனது. போனின் முகம் இருட்டாகக் கிடந்தது. அதன்மேல் மஞ்சள் துளிகள் சிறிதும் பெரிதுமாக நின்றன. விளக்குத் திரி ஒருமுறை படபடத்து அடங்கியது. செண்பகராஜ் முதலில் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு சாய்ந்ததை விட்டு நேரே நின்றான். அவனை அறியாமலே கைகள் நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தன. படித்த பிள்ளைதான். ஆனால் அவனும் சின்ன வயசில் சித்தப்பா தோளில் உட்கார்ந்து, எத்தனையோ கிடா சிலுப்புவதைப் பார்த்தவன்.

உமாதேவிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வீட்டுக்குள் நான்காவதாக ஒரு ஆள் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. இன்னும் ஒருமுறை தெளிக்கலாமா என்று வேப்பங்கொத்தை எடுத்தாள்.

போன் சிலுப்பியது.

தாம்பாளத்தின்மேல் உடம்பு முழுவதும் நடுங்கி, தண்ணீர்த் துளிகளை நாலு பக்கமும் உதறி, பித்தளை அதிர அதிர அரை வட்டம் சுற்றி நின்றது. அதோடு மணி. ஒரு கிடையே எழுந்து வருகிற மாதிரி மணி.

உமாதேவி குலவையிட்டாள். அவளாக இடவில்லை; அது தானாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில், கொடையும் இல்லை பொங்கலும் இல்லை, பசுவந்தனை ரோட்டு வீட்டுக்குள்ளிருந்து குலவைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு சொர்ணத்தாய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இசக்கிராஜா தரையில் நெற்றிபட விழுந்து கிடந்தான்.

செண்பகராஜ்தான் நிதானத்துக்கு வந்து போனை எடுத்துச் சட்டையில் துடைத்தான். படித்தான். இன்னொரு தடவை படித்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"எம்மா... வித்தாச்சு."

"என்னல வித்தாச்சு?"

"பங்கு. பூராவும். அறுநூறுக்கு இறங்கினதும் வித்திருக்கு."

"யாரு வித்தா? நான் தொடலையே?"

"அப்பா கணக்குல இருந்து..." அவனுக்குக் குரல் உடைந்தது. "அப்பாதாம்மா வித்திருக்காவ."

பிறகு அவனே விளக்கினான். முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. இந்த விலைக்குக் கீழே வந்தால் தானாக விற்றுவிடு என்று போட்டு வைத்தால், ஒரு வருஷம் வரைக்கும் அது காத்துக் கிடக்கும். போட்டவர் தூங்கினாலும் சரி, ஊரில் இல்லாவிட்டாலும் சரி. விலை வந்ததும் விற்றுவிடும்.

"போட்டவிய இல்லாமப் போனாலும்?"

"அது அதுக்குத் தெரியாதுல்லாம்மா. நாமதான் சொல்லலையே."

உமாதேவிக்குக் கண்ணீர் பொங்கியது. அழுதுகொண்டே சிரித்தாள். "சொல்லிட்டாவ! பாத்தியா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாவ. நான்தான் சொன்னேன்லா?"

"ஆனா இந்தப் பணத்தை நாம தொட முடியாதும்மா. இனிமே மறைக்கவும் கூடாது. இறந்தவர் கணக்குல விற்பனை நடந்திருக்கு. நாமளே போய் நடந்ததைச் சொல்லி, எழுதிக் குடுத்து, அவங்க கேக்கதுக்கெல்லாம் பதில் சொல்லணும். நாளாகும்."

"எழுதிக் குடுப்போம்." அவள் தயங்கவே இல்லை. "அவிய சொல்லி முடிச்சாச்சு. இனி எதுக்கு மணி? நாளைக்கே போவோம்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றினாள். அவள் அம்மா வீட்டில் போட்டது. தாம்பாளத்தில் வைத்து இசக்கிராஜாவின் பக்கம் நகர்த்தினாள். "இதை வச்சு அச்சாரத்தைக் குடுங்க தம்பி. மீதியைப் பெறகு பாப்போம். ஒரு குட்டிகூடச் சந்தைக்குப் போகக் கூடாது."

இசக்கிராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையலுக்குக் கையை நீட்டினான்.

"என்னைக்குப் போட்டிருக்காவன்னு இதுல இருக்கும்மா" என்றான் செண்பகராஜ், போனைத் தள்ளிப் பார்த்தபடி. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். "மார்கழியில. அன்னைக்குத்தான். அப்பா போன அன்னைக்குக் காலையில."

உமாதேவியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அன்னைக்கா? அன்னைக்கு அவியளால கையைத் தூக்கவே முடியலையே. வாயில தண்ணிகூட நான்தான ஊத்துனேன்?"

நீட்டிய கையை இசக்கிராஜா மடக்கிக்கொண்டான்.

"நான்தான் மதினி அமுக்கினேன்."

"என்ன?"

"அண்ணன் போனை எடுக்கச் சொன்னாவ. 'நான் சொல்லுத இடத்தை அமுக்குலே'ன்னாவ. அமுக்கினேன். ஒரு நம்பரு சொன்னாவ, போட்டேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னண்ணே இதுன்னு கேட்டேன். 'இது முளைக்குச்சிலே. கயிறு எட்டுத மட்டும் மேயட்டும். அதைத் தாண்டிப் போனா உங்க மதினி தாங்க மாட்டா'ன்னாவ. மருந்து மயக்கத்துல ஆட்டைப் பத்திப் பேசுதாவன்னுல்லா நான் நெனச்சேன். இன்னைக்கு இவன் சொல்லவும்தான் புரியுது."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"காப்பி வாங்கப் போயிருந்தீங்க."

கருப்பட்டிக் காப்பி. காப்பி ஆசையில் கேட்கவில்லை. அவளை வெளியே அனுப்பக் கேட்டிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் தம்பி சொல்லல? இத்தன மாசமா உங்க மதினி கோட்டி பிடிச்சவ மாதிரி இதையே கட்டிக்கிட்டுக் கெடந்தாளே?"

"போனை அமுக்கினதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. 'நான் சொல்லாம அவ விக்க மாட்டா. தெனமும் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பா. பாக்கட்டும். காலையில எந்திரிக்க அவளுக்கு ஒரு சோலி வேணும்லா'ன்னாவ."

செண்பகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான். உமாதேவி அழவில்லை. அந்த மனுஷன்மேல் அவளுக்கு ஒரே நேரத்தில் அடித்துவிடலாம் போலக் கோபமும், காலைக் கட்டிக்கொள்ளலாம் போல ஆசையும் வந்தது. இரண்டையும் வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவர் செத்துப்போய்விட்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு, அந்தச் சொல் அவளுக்குள் முதல் தடவையாகக் கீழே இறங்கியது.

இறங்கிய இடத்தில் வேறொன்று இடறியது.

"தம்பி."

"சொல்லுங்க மதினி."

"பங்கு சோலியை உங்ககிட்ட முடிச்சுட்டாவ. அதுக்குத்தான் என்னை வெளிய அனுப்பினாவ. சரி. அப்படின்னா, நான் காப்பியோட வந்து நின்னப்ப என்னைப் பாத்து வாயெடுத்தாவல்லா? அது பங்கைப் பத்தி இல்ல. எப்ப விக்கணும்னு இல்ல. வேற என்னமோ. என்கிட்ட என்ன சொல்ல வந்தாவ?"

இசக்கிராஜா எழுந்தான். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான், மறுபடி கழற்றினான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் உமாதேவி. அவள் குரலில் கேள்வியே இல்லை.

"நான் பெறகு வாரேன் மதினி."

"சித்தப்பா!" என்று செண்பகராஜ் கூப்பிட்டான். அவன் திரும்பவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் கிடந்த செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். விளாத்திகுளம் போகிற பக்கம் போகவில்லை. சாயங்காலத்துக்குள் அச்சாரம், அறுபது உருப்படி, சந்தை, கறி என்று காலையில் வந்து கெஞ்சியவன், போகும்போது ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளையலையும் எடுக்கவில்லை.